அரசுப் பள்ளிக்கு நிதி திரட்டப் போகிறீர்களா? முதலில் ரசீதுப் புத்தகம் அச்சிடுங்கள்

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மாணவிகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி இல்லை. கட்டடம் இருந்தது, கதவு இருந்தது, குழாயும் இருந்தது. குழாயில் தண்ணீர் மட்டும் வரவில்லை. அதைச் சரிசெய்ய நான்கு பெற்றோர் கூடிப் பேசினோம், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பொருளாளர் பொறுப்பு எனக்கு வந்தது. ஜூன் மாதம் தொடங்கிய வேலை மறுவருடம் பிப்ரவரியில்தான் முடிந்தது. இந்த ஒன்பது மாதங்களில் பணம் கேட்டு அலைந்த நாட்கள் குறைவு. வங்கிக்கும், கணக்கைப் பிரிப்பதற்கும், ஒப்புதல் கடிதத்துக்கும் அலைந்த நாட்கள்தான் அதிகம். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் நான்கு மாதங்களில் முடித்திருக்கலாம். நீங்கள் அந்தச் சரியான வரிசையில் செல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். உதவி பெறும் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் சில விதிகள் வேறுபடும்.

1. தேவை உண்மையில் நன்கொடைக்கு உரியதா என்று பாருங்கள்

எந்தப் பள்ளியிலும் தேவைகளின் பட்டியல் நீளமாகவே இருக்கும். அதில் அரசுப் பணத்தில் செய்யக்கூடியவற்றை முதலில் கழித்துவிடுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளி மானியம் வருகிறது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சுண்ணாம்பு அடிப்பது, உடைந்த குழாயை மாற்றுவது போன்ற சிறு வேலைகளை அதிலிருந்தே பார்க்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்த கேள்வி, கட்டடம் யாருடையது என்பது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலோ நடுநிலைப் பள்ளியிலோ சுவர் எழுப்புவது, கூரை மாற்றுவது போன்ற வேலையென்றால் ஒன்றிய அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கல்வித் துறையின் வழியாகச் செல்ல வேண்டும். மின்விசிறி, மேசை, நூல்கள், தண்ணீர்த் தொட்டி போன்றவற்றுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை; தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வமான கோரிக்கையே போதும். முதல் முறை நிதி திரட்டுபவர்கள் கட்டட வேலையைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. நாங்கள் தொட்டோம், மோட்டார் வைக்கும் சிறு அறைக்கான ஒப்புதலுக்கு மட்டும் 5 வாரங்கள் காத்திருந்தோம்.

2. தீர்மானம் எழுதுங்கள்

இங்கேதான் நாங்கள் முதலில் சறுக்கினோம். கூட்டத்தில் எல்லோரும் "செய்யலாம், செய்யலாம்" என்றார்கள், கைதட்டினார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் எதையும் எழுதவில்லை. பிறகு வங்கியில் தீர்மான நகல் கேட்டபோது, நடந்த கூட்டத்துக்கே மறுபடி கூட்டம் போட வேண்டியதாயிற்று.

தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டியவை: கூட்டம் நடந்த தேதியும் இடமும், வந்தவர்களின் பெயரும் கையொப்பமும், எந்த வேலைக்காக எவ்வளவு தொகை வரை திரட்டப்படும் என்பது, எந்தக் கணக்கில் பணம் வாங்கப்படும், யார் யார் கையொப்பமிட்டுப் பணம் எடுக்கலாம், வேலை முடிந்து பணம் மிஞ்சினால் அது எதற்குப் போகும். இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி அந்த வரி இல்லாததால் வருவதே.

3. வங்கிக் கணக்கு: யாருடைய கைபேசி எண்ணிலும் பணம் வாங்காதீர்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்கும் வெவ்வேறானவை. அரசு மானியம் வரும் கணக்கில் ஊர்மக்களின் நன்கொடையைப் போட்டால், தணிக்கையில் தலைமையாசிரியர்தான் மாட்டிக்கொள்வார். ஆகவே கழகத்தின் பெயரில் தனிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பல பள்ளிகளில் இருக்கும், ஆனால் பல வருடங்களாக வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடக்கும். கையொப்பமிடும் உரிமை மாற்றலாகிப் போன ஆசிரியர் பெயரிலேயே இருக்கும். அதை உயிர்ப்பிப்பதற்கும் புதிதாகத் தொடங்குவதற்கும் ஏறக்குறைய ஒரே அளவு அலைச்சல்தான்.

எங்களிடம் கேட்கப்பட்டவை: தீர்மானத்தின் சான்றிட்ட நகல், கழகத்தின் விதிமுறைகளின் நகல், பள்ளி முத்திரையுடன் தலைமையாசிரியரின் கடிதம், கழகத்தின் பெயரிலேயே பான் அட்டை, கையொப்பமிடும் மூவரின் ஆதார், பான் அட்டை நகல்கள், புகைப்படங்கள், கழகத்தின் ரப்பர் முத்திரை. தனிநபரின் பான் எண்ணைக் கொடுத்து ஒப்பேற்ற முடியாது. நாங்கள் விண்ணப்பித்தபோது கழகத்துக்கான பான் அட்டைக்குக் கட்டணம் 107 ரூபாய். வங்கி எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியது: முதல் முறை தீர்மானத்தில் வந்தவர்களின் கையொப்பம் இல்லை, இரண்டாம் முறை பான் அட்டை இல்லை. மொத்தம் 7 வாரங்கள் போயின. எல்லாத் தாள்களையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் சென்றால் இரண்டு வாரத்தில் முடியக்கூடிய வேலை அது.

அந்த 7 வாரங்களில் நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் கொடுமை. எங்களில் ஒருவருடைய கைபேசி எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இதற்கு அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டோம். மூன்றே வாரத்தில் 46,500 ரூபாய் சேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. அடுத்த கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கு, யார் யார் கொடுத்தாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நண்பர் தம் வங்கிக் கணக்கின் அறிக்கையை அச்சிட்டு எடுத்து வந்தார். அதில் பால்காரருக்குக் கொடுத்தது, மகள் கல்லூரிக் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி, நடுநடுவே எங்கள் நன்கொடை 200, 500, 1,000 என்று கலந்து கிடந்தன. ஒரு 500 ரூபாய் நன்கொடையா, அவருடைய மைத்துனர் திருப்பித் தந்த கடனா என்று அவருக்கே நினைவில்லை. அவர் ஒரு பைசா எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரியாகப் பிரித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு முடிக்க ஒரு மாதம் ஆனது, அதன்பின் அவர் கழகத்தின் பக்கமே வரவில்லை. நல்ல மனிதர் ஒருவரை அப்படி இழந்தோம்.

கணக்கு தொடங்கியதும் அதே கணக்குக்கான யூபிஐ கியூஆர் அட்டையை வங்கியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் எடுக்க மூவரில் இருவர் கையொப்பம் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டாம்.

4. ரசீதும் பதிவேடுகளும்

வரிசை எண் அச்சிட்ட, இரட்டைத் தாள் கொண்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். 50 தாள் கொண்ட 4 புத்தகங்களுக்கு எங்களுக்கு 720 ரூபாய் செலவாயிற்று. எந்தப் புத்தகம் யாரிடம் எந்தத் தேதியில் போனது, எப்போது திரும்பி வந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எங்கள் புத்தகங்களில் ஒன்று திருவிழா வசூலுக்குப் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பியது. கிழிந்தவை 11 தாள்கள், கையில் இருந்தது 9 பேரின் பணம். மீதி இருவர் "அப்புறம் தர்றேன், ரசீது மட்டும் இப்போ கொடுங்க" என்று வாங்கிப் போனவர்கள். அந்த ஆயிரம் ரூபாயை வசூலிக்க நான்கு முறை நடந்தோம். பணம் கைக்கு வராமல் ரசீது கிழிக்கக் கூடாது. இதில் முகதாட்சணியம் பார்க்காதீர்கள்.

நம் ஊர்களில் கல்யாண வீட்டில் மொய் எழுதும் முறை ஒன்று இருக்கிறதல்லவா? ஒருவர் பணம் வாங்கி உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுத, கடைசியில் இருவரும் கூட்டிச் சரிபார்ப்பார்கள். பொது நிகழ்ச்சிகளில் ரொக்கம் வாங்கும்போது அதே முறையைக் கடைப்பிடித்தோம், பிசகே வரவில்லை. வாங்கிய ரொக்கத்தை மறுநாளே வங்கியில் கட்டிவிடுங்கள். ரொக்கப் பதிவேடு, செலவுச் சீட்டுகளின் கோப்பு, நன்கொடைப் பொருள்களுக்கான பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பொருளாக வந்த எதையும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் தலைமையாசிரியர் பதிந்து கையொப்பமிட்ட பிறகே "கொடுத்தாயிற்று" என்று கொள்ளுங்கள். பதியாத மின்விசிறி அடுத்த வருடம் எங்கே போயிற்று என்று யாரையும் கேட்க முடியாது.

5. எவற்றைச் செய்யவே கூடாது

மாணவர் சேர்க்கை நேரத்தில் நன்கொடை கேட்காதீர்கள். ஜூன் மாத வரிசையில் நிற்கும் பெற்றோரிடம் "விருப்பப்பட்டால் கொடுங்கள்" என்று சொன்னாலும் அது கட்டாயமாகவே காதில் விழும். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதைத் தடை செய்கிறது. வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் வழங்கும் நாட்களில் கேட்பதும் அதே வகைத் தவறுதான்.

பரிசுச் சீட்டு விற்காதீர்கள். வெளிநாட்டுப் பள்ளிகளின் யோசனைகளை இணையத்தில் படித்துவிட்டு, "20 ரூபாய்க்குச் சீட்டு, குலுக்கலில் மிக்சி" என்று எங்கள் குழுவிலும் ஒருவர் உற்சாகமாகக் கிளம்பினார். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை இருக்கிறது. பள்ளிக்காக என்று சொன்னாலும் பணம் வாங்கிக் குலுக்கும் சீட்டு வம்பில் கொண்டுபோய் விடும். ஏலச்சீட்டு நடத்தி அதன் கழிவைப் பள்ளிக்குத் தரலாம் என்ற யோசனையும் வரும். பதிவு செய்யாத சீட்டு சட்டப்படி குற்றம்.

பிள்ளைகளை உண்டியலுடன் கடைவீதிக்கு அனுப்பாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

6. பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள்

"பள்ளி வளர்ச்சிக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டபோது 100, 200 வந்தது. "ஏழாம் வகுப்புக்கு இரண்டு மின்விசிறி தேவை, இந்த நிறுவனத்தின் இந்த வகை, விலை இவ்வளவு" என்று எழுதி ஒட்டியபோது இரண்டு நாளில் ஆள் கிடைத்தார். பட்டியலில் 500 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய் வரை பல படிகளில் பொருள்கள் இருக்கட்டும். கொடுப்பவர் பெயர் எழுதும் விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: சுவரில் ஒரே ஒரு பலகை, எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில். எங்களிடம் ஒருவர் 1,500 ரூபாய் நாற்காலிக்கு 4,000 ரூபாயில் கல்வெட்டு கேட்டார். கல்வெட்டை விட்டுவிட்டு இன்னும் இரண்டு நாற்காலி தரச் சொன்னோம், சிரித்துக்கொண்டே தந்தார்.

7. பலன் தந்த வழிகளும் அவற்றுக்கு உரிய காலமும்

கல்விச் சீர். இதைப் போல எளிதாகவும் மகிழ்ச்சியாகவும் நடப்பது வேறெதுவும் இல்லை. திருமணச் சீர்வரிசையைப் போலவே ஊர்மக்கள் தாம்பூலத் தட்டுகளில் நோட்டுப் புத்தகம், பீரோ, நாற்காலி, தண்ணீர்க் குடம், விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை மேளதாளத்துடன் பள்ளிக்கு எடுத்து வருவார்கள். காமராசர் பிறந்த நாளான ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள் என்பதால் அதற்குப் பொருத்தமான தேதி. ஒரு மாதத்துக்கு முன்பே தேவைப் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்களுக்கு நேர்ந்தது போல 14 சுவர்க் கடிகாரங்கள் வந்து சேரும்.

முன்னாள் மாணவர் சந்திப்பு. அதிகப் பணம் வந்தது இதில்தான்: மூன்று ஆண்டுத் தொகுதியினரிடமிருந்து 72,000 ரூபாய். பொங்கல் விடுமுறையில் வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள், விளைச்சல் பணமும் கையில் இருக்கும். எல்லோரையும் மொத்தமாக அழைக்காமல், பத்தாம் வகுப்பு முடித்த வருடவாரியாக அழைத்து ஒவ்வொரு தொகுதியிலும் ஒருவரைப் பொறுப்பாளராக்குங்கள். 'அந்த வருடத்தவர்கள் இவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்' என்ற செய்தி பரவினால் மற்றவர்கள் தாமே முன்வருவார்கள். பழைய ஆசிரியர் ஒருவரையாவது அழைத்து வாருங்கள். எங்கள் கணக்கு ஆசிரியர் மேடையேறி வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசித்தபோது, நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றார்கள். அதன் பிறகு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

உணவுத் திருவிழா. உழைப்பு அதிகம், மிச்சம் குறைவு. வரவு 31,400, செலவு 19,850, மிஞ்சியது 11,550. ஊர் கூடும் என்பதற்காக ஒரு முறை நடத்தலாம், பணத்துக்காக என்றால் வேண்டாம். சமைத்துத் தருபவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்றவராக இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் அது ஒலிக்கக் கூடாது.

பழைய தாள், பழைய இரும்பு சேகரித்ததில் 4,300 ரூபாய் வந்தது. எடை போடும்போது இருவர் பக்கத்தில் நில்லுங்கள்.

உழைப்பாகத் தருவதையும் நன்கொடையாகவே எழுதுங்கள். குழாய் வேலை தெரிந்த இரண்டு தந்தையர் ஐந்து நாட்கள் கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். அதன் மதிப்பு 14,000 ரூபாய் என்று பட்டியலில் ஏற்றினோம். பணம் கொடுக்க முடியாதவர்கள் கூட்டத்தில் தலைநிமிர்ந்து உட்கார அந்த ஒரு வரி உதவியது.

8. பெரிய தொகை தேவைப்பட்டால்

வகுப்பறை, சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். கோரிக்கையைக் கொடுத்து, மக்கள் தர வேண்டிய பங்குத் தொகையை யார் பெயரில் வரைவோலையாக எடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் திரட்டத் தொடங்குங்கள். ஊராட்சிப் பகுதியென்றால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி இணைத்தால் கோரிக்கைக்கு வலு கூடும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் மறக்க வேண்டாம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வேறு பாதை. நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை இதற்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். ஆனால் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் அவர்கள் கேட்கும் பதிவுகள் பெரும்பாலும் இருக்காது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அறக்கட்டளையின் வழியாகச் செல்வதே சுலபம். நன்கொடையாளர் அதன் தளத்தில் பள்ளியையும் தேவையையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியும். நிறுவனங்களுக்கு மார்ச் 31இல் கணக்கு முடிகிறது; பிப்ரவரியில் போய் நிற்பதைவிட ஜூலையில் விண்ணப்பிப்பது நல்லது.

9. வரிச் சலுகையும் வெளிநாட்டுப் பணமும்

"80ஜி (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் சான்று) உண்டா?" என்று கேட்பவர்களிடம் உறுதி தெரியாமல் ஆம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சான்று கழகத்துக்குத் தனியாக இருந்தால்தான் சலுகை. பொருளாகக் கொடுப்பதற்கு அது கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் இன்னும் இந்தியக் குடியுரிமை வைத்திருந்து, தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. எங்கள் ஊரிலிருந்து போய்க் கனடாக் குடியுரிமை பெற்ற ஒருவர் ஒரு லட்சம் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

10. செலவிடுதலும் ஒப்படைத்தலும்

மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பில் கழகத்தின் பெயரில் இருக்கட்டும், பணம் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ போகட்டும். மோட்டார் போன்றவற்றை வாங்கும் முன் பள்ளியின் மின் இணைப்பு அதைத் தாங்குமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எங்கள் மதிப்பீடு 1,84,000 ரூபாய். பெற்றோர் கொடுத்த 46,500, முன்னாள் மாணவர் 72,000, உணவுத் திருவிழா 11,550, பழைய பொருள் 4,300, கடைக்காரர் ஒருவர் பொருளாகவே தந்த தொட்டியும் குழாய்களும் 38,000, உழைப்பு 14,000. ரசீதுப் புத்தகத்துக்கும் பான் அட்டைக்கும் போக 1,523 ரூபாய் மிஞ்சியது. இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டினோம், வாட்ஸ்அப்பிலும் போட்டோம்.

மே மாதம் பொறுப்பு மாறியபோது புதிய பொருளாளரிடம் காசோலைப் புத்தகம், பயன்படுத்தாத ரசீதுப் புத்தகம் ஒன்று, பதிவேடுகள் மூன்று, பான் அட்டை, ரப்பர் முத்திரை ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கையொப்பம் வாங்கிக் கொடுத்தேன். அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்க் கையொப்ப உரிமையையும் மாற்றிவிட்டேன். மிஞ்சிய 1,523 ரூபாயில் கழிப்பறைக் குழாய்க்கு வாசர் மாற்றப் போவதாக அவர் சொன்னார்; தீர்மானத்தின் கடைசி வரியில் அதற்கு இடம் இருந்தது.